ஜன்னலில் வைத்துப் பார்த்த படம்

அத்தியாயம் பதினான்கு

"அண்டைக்கு உன்ர தலைமயிர் எப்பிடி இருந்தது?"

டாக்டர் பரமலிங்கம் கேட்ட முதல் கேள்வி இதுதான். றோசலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்சு நோய்க்கென்றே மேல்படிப்புப் படித்த மனிதர், கண்டியிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை அட்டன் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர், தலைமுடியைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும்? பக்கத்தில் நின்ற புருஷன் மத்தியாசைப் பார்த்தாள். அவனும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூடவே நடக்கிறவர்களுக்கு, இவர்கள் எப்படி இந்த வாசலுக்கு வந்தார்கள் என்பது தெரியும். இன்றுதான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

பெரிய வெள்ளிக்கு முந்தி, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே நெட்டமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு வெள்ளை லொறி வந்து, லயத்து வரிசை வீட்டுச் சனத்தையெல்லாம் நெஞ்சு எக்ஸ்ரே படம் பிடித்தது. எடுத்த படங்கள் கண்டிக்குப் போய், அதற்கென்று படித்தவர்கள் பார்த்து, பதில் வர வேண்டும். தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கொழுந்து பொங்கி வருகிற காலம். யாரை நிறுத்துவது, யாரை வைத்துக்கொள்வது என்று அவருக்கு உடனே தெரிய வேண்டியிருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் இராசரத்தினம் படங்களை மருந்துக் காம்பராவின், அந்தச் சின்ன மருந்தறையின், கண்ணாடி ஜன்னலில் வைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

றோசலினுக்குக் காசம் என்றார். அன்று மாலையே அவளை உர ஸ்டோருக்குப் பின்னால் இருந்த ஒதுக்குக் காம்பராவுக்கு அனுப்பினார்கள். பால் குடித்துக்கொண்டிருந்த சிசிலியை மடியிலிருந்து பிடுங்கி, மத்தியாசின் அக்கா ஜோசப்பினிடம் கொடுத்தார்கள். இப்போது நத்தார், கிறிஸ்துமஸ் பண்டிகை, வருகிறது. அன்று தவழ்ந்த பிள்ளை இன்று ஓடுகிறது. அது நடை பழகியதைப் பெற்றவள் லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவே ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

போன வாரம் அவள், இத்தனை மாதம் காசத்துக்கென்று மருந்துக்காரர் போட்டுவந்த ஊசிக்குக் கை நீட்ட மறுத்தாள். "சாவுறதா இருந்தா பெரிய டாக்டரு வாயால கேட்டுட்டுச் சாவுறேன்" என்றாள். மத்தியாஸ் கல்யாணமான நாளிலிருந்து அக்காவைக் கேட்காமல் செய்த முதல் காரியமாக, மருந்துக் காம்பராவுக்குப் போய்ப் படக் கவரை வாங்கிவந்தான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சிசிலி அவள் மடிக்குத் திரும்பி வர வேண்டும்.

"கேக்கிறது விளங்கேல்லையே? படம் எடுத்த அண்டைக்குத் தலைமயிர் முடிஞ்சிருந்ததோ, விரிச்சிருந்ததோ, பின்னியிருந்ததோ?"

"பின்னித்தாங்கய்யா இருந்துச்சு. குளிச்சு, எண்ண வச்சு…"

"பின்னல் முதுகிலயோ, முன்னாலயோ?"

றோசலினுக்கு முகம் சிவந்தது. அந்த லொறிக்குள் நடந்ததை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மேலே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய துணி கொடுத்தார்கள். அது பால் கட்டிய மார்பில் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு ஆம்பளை நின்றான். அவள் என்ன செய்வாள்? எண்ணெய் ஊறிய கனத்த பின்னலை வலது தோளுக்கு மேலாக இழுத்து, மார்பில் போட்டு மறைத்துக்கொண்டாள். மூச்சை இழு என்றான். இழுத்தாள். பின்னலை விடவில்லை.

"வெக்கமா இருந்துச்சுங்க. முன்னால போட்டுப் பிடிச்சுக்கிட்டேன்."

டாக்டர் அவள் படத்தை வெளிச்சப் பெட்டியில் சொருகி, பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

"இஞ்ச பார். நுரையீரல் இதோட முடியுது. நிழல் முடியேல்ல. காறை எலும்பைத் தாண்டிப் போகுது. தோளுக்கு மேலாலயும் போகுது. நெஞ்சில இருக்கிற நோய் நெஞ்சுக்கு வெளியால எப்பிடிப் போகும்? இது நோயில்லைப் பிள்ளை. உன்ர பின்னல்."

உள்ளே கூட்டிப் போய், முடியை உச்சியில் கொண்டையாகக் கட்டவைத்து, மறுபடி படம் எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லை. எப்பவும் இருந்ததில்லை" என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்திருக்க வேண்டும். அவளுக்கு அப்படி இல்லை. எப்பவும் இருந்ததில்லை என்ற சொல் மட்டும் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் இத்தனை நாள் எதற்கு? உர நாற்றத்தில் படுத்தது எதற்கு? கட்டின பாலைச் சுவரோரம் குந்திப் பிழிந்து மண்ணில் விட்டாளே, அது எதற்கு?

"சளி சோதிச்சவையோ?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. நெழலே தெரியுது, சளி எதுக்குன்னுட்டாரு."

"காது இரையுதோ? தலை சுத்துதோ?"

"ரெண்டும் இருக்குங்கய்யா. வலது காது சரியாக் கேக்கிறதில்ல. நோவு முத்திருச்சுன்னு நெனச்சேன்."

"அது ஊசியால வந்தது. முழுக்கத் திரும்பி வரும் எண்டு என்னால சொல்லேலாது."

சொல்லிவிட்டுக் கவருக்குள் கையை விட்டு மற்றப் படங்களையும் எடுத்தார். நெட்டமலையில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, எல்லாமே காம்பராக் கணக்கு. அரிசி காம்பராவுக்கு இவ்வளவு, விறகு காம்பராவுக்கு இவ்வளவு. படங்களையும் மருந்துக்காரர் அப்படியே காம்பராவுக்கு ஒரு கவராகப் போட்டுவைத்திருந்தார். மத்தியாஸ் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்திருந்தான்.

முதலில் மத்தியாசின் படம். பார்த்து ஒதுக்கி வைத்தார். அடுத்ததை வெளிச்சப் பெட்டியில் சொருகியவர் அப்படியே நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார்.

"இது ஆற்ற படம்?"

"எங்க அக்காவோடதுங்க. ஜோசப்பின். அவங்களுக்குச் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றான் மத்தியாஸ்.

"ஆர் சொன்னது?"

"மருந்துக்காரய்யாதாங்க."

"என்னத்தில வைச்சுப் பாத்தவர்?"

"ஜன்னல்லங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட ஆரம்பித்து, யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டது போல் இருந்தது. "இடப்பக்கம், காறை எலும்புக்குப் பின்னால. பழகின கண்ணே தேடித்தான் பிடிக்கவேணும். மெசின் படத்தைத்தான் எடுத்துத் தரும். இருக்கிறதையும் இல்லாததையும் பிரிச்சுச் சொல்ல, ஆயிரக்கணக்கில பாத்துப் பழகின ஆள் வேணும்." ஏதோ நினைத்தவர் போல நிமிர்ந்தார். "வீட்டில சின்னப் பிள்ளை இருக்கு எண்டனீ. அது ஆரோட படுக்கிறது?"

மத்தியாஸ் றோசலின் பக்கம் திரும்பினான்.

"மதினியோடதாங்க படுக்குது" என்றாள் றோசலின்.

"நாளைக்கு மத்தியானம் நான் கண்டிக்குத் திரும்பிறன். அதுக்கு முந்தி ரெண்டு பேரையும் இஞ்ச கொண்டுவாங்கோ. அடுத்த மாசம் வரைக்கும் வைச்சிருக்காதேங்கோ. அவவுக்கு மருந்து இருக்கு, சுகப்படுத்தலாம். பிள்ளையை உடன பாக்கவேணும்."

தோட்டத்துக்குத் திரும்பும் பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பனி மூட்டம்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் இரண்டாவது படத்தை எடுத்துச் சொன்னபோது, ஒரு கணம் றோசலினின் மனம் குளிர்ந்தது. நல்லா வேணும் என்று நினைத்தாள். அன்று லயத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நாலு பேர் பார்க்க, "நீ தூரப் போ, புள்ளையத் தொடாத" என்று கையைத் தட்டிவிட்டவள் ஜோசப்பின். அவளுடைய தட்டையும் குவளையையும் குச்சியால் தள்ளி வெளியே போட்டவள் ஜோசப்பின். இப்போது உன் முறை என்று நினைத்தாள். அடுத்த கணமே சிசிலியின் முகம் நினைவுக்கு வந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் சொல்றேன் அக்காகிட்ட. நீ ஒண்ணும் பேசாத. ரெண்டு நாள் போவட்டும், பதமாச் சொல்லலாம்" என்றான் மத்தியாஸ்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ளன்னு டாக்டரு சொன்னாருங்க. காதுல விழலியா? எனக்குத்தான் காது போச்சு."

"அதுக்கில்ல புள்ள. நத்தாரு வருது. அவ பாவம். புருஷன் விட்டுட்டுப் போன நாள்லேருந்து அவளுக்கு யாரு இருக்கா?"

"எனக்குச் சொல்றப்ப யாரு பதமாச் சொன்னா? நீங்க சொன்னீங்களா? சோத்தை வாசப்படியில வச்சிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டுத்தானே போனீங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்லவன்தான். நல்லவன் என்று சொல்லிச் சொல்லியே அவனை எதற்கும் ஆகாதவனாக்கி வைத்திருந்தது அந்தக் குடும்பம்.

தோட்டத்து முடக்கு வளைவில் இறங்கியதும் றோசலின் லயத்துப் பக்கம் திரும்பாமல் மருந்துக் காம்பராவுக்கு ஏறினாள். மத்தியாஸ் பின்னாலேயே ஓடினான்.

மருந்துக்காரர் இராசரத்தினம் அவர்களைக் கண்டதும் எழுந்தார். கையில் கவரைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சொன்னவை?"

"பின்னலாம்யா. என் சடைதான் படத்துல விழுந்துருக்காம்."

அவர் மெதுவான குரலில் பேசினார். "நிழல் இருந்தது. இருந்ததைத்தான் சொன்னனான். ஆயிரம் சனத்துக்கு நான் ஒராள். பிள்ளைப்பேறும் நான்தான், பல்லுப் பிடுங்கிறதும் நான்தான். படத்தையும் நீயே பார் எண்டு துரை சொன்னால் மாட்டன் எண்டு சொல்லேலுமோ?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமுல்லங்கய்யா."

தெரியாது என்று சொல்லும் மருந்துக்காரனை எந்தத் துரை வைத்துக்கொள்வான்? அவருக்கும் பெண்சாதி பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். அதற்காக றோசலினின் காது திரும்பி வந்துவிடுமா?

"நாளைக்கே நீ பெரட்டில பேர் குடுத்து வேலைக்கு வரலாம். நான் துரையோட கதைக்கிறன். படங்களை மட்டும் இஞ்ச தந்திட்டுப் போ."

"எங்க மதினி படத்தைப் பாருங்கய்யா. அதுல நோவு இருக்காம்."

"ஜோசப்பினுக்கோ? விசர்க்கதை. அதை நான் ரெண்டு தரம் பாத்தனான்."

படத்தைப் பறித்து, பழைய வழக்கப்படி ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். டாக்டர் சொன்ன இடத்தை மத்தியாஸ் விரலால் தொட்டுக் காட்டினான். அவர் கிட்ட வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்க? எலும்புதானே கிடக்கு."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று றோசலினுக்குத் தெரிந்தது. இடத்தைத் தொட்டுக் காட்டியும் அவருக்குத் தெரியவில்லை. அவளும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் எலும்புதான் தெரிந்தது. இந்தக் கண்ணை நம்பித்தான் பிள்ளையைக் கொடுத்தோம் என்று நினைத்தாள். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திராது.

படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டு, லயத்தைப் பார்த்து நடந்தாள்.

வேலை விட்டு வந்த நேரம். ஜோசப்பின் இஸ்தோப்பில் குந்தி, ரொட்டி சுடக் கோதுமை மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். சிசிலி அவள் முதுகைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. கன்னத்து எலும்பு இரண்டும் துருத்த, ஜோசப்பின் இளைத்துத்தான் போயிருந்தாள். பிள்ளைக்காகப் படுகிற பாடு என்று லயமே அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தது.

றோசலின் வாசலில் கால் வைத்ததும், "அங்கனயே நில்லு!" என்று கத்தினாள்.

"அக்கா, அவளுக்கு ஒண்ணும் இல்லையாம். பெரிய டாக்டரு சொல்லிட்டாரு. மொதல்லேருந்தே இல்லையாம்" என்றான் மத்தியாஸ்.

ஜோசப்பின் பிசைந்த கையோடு பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

"சிசிலி, அம்மாகிட்ட வா தங்கம்" என்று றோசலின் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பிள்ளை அவளை ஒரு முறை பார்த்தது. பிறகு ஜோசப்பினின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ம்மா" என்றது. அவளைத்தான் கூப்பிட்டது.

"கேட்டியா?" என்றாள் ஜோசப்பின். "இதுக்கு வயித்தால போனப்ப யாரு பாத்தா? ராவு முழுக்கத் தோள்ல போட்டுக்கிட்டு யாரு நடந்தா? நான் ஞானத்தாயி. ஞானஸ்நானத்துல சாமியாரு முன்னால கையில வாங்கினவ. இன்னிக்கி ஒரு டாக்டரு இல்லேன்னா நாளைக்கி ஒரு டாக்டரு இருக்குன்னுவாரு. எத நம்பி நான் புள்ளையக் குடுக்கிறது?"

"மதினி, உங்களையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு."

"என்னைய எதுக்கு?"

மத்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். பதமாகச் சொல்வதாகச் சொன்னவன் அவன். றோசலின் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே சொன்னாள்.

"நோவு உங்களுக்குத்தான் இருக்காம் மதினி. மருந்து இருக்கு, சொகமாயிரும்னாரு. நாளைக்கே போவணும். புள்ளையையும் பாக்கணுமாம்."

லயம் முழுக்க அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்துவிட்டது. ஜோசப்பின் எழுந்து நின்றாள்.

"புள்ளையப் பிடுங்க இப்பிடி ஒரு பழியப் போடுறியா? நான் ஒரு நாளு இருமியிருக்கேனா? சொல்லுங்கடி, ஒரு நாளு இருமியிருக்கேனா?"

அன்று இதே இஸ்தோப்பில் றோசலின் கேட்டதும் இதே கேள்விதான். அன்று அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஜோசப்பினுக்கு அடுத்த காம்பரா ராக்காயி உடனே பதில் சொன்னாள்.

"ஏண்டி றோசலினு, உனக்கு வந்ததை அவ மேல ஏத்திவிடப் பாக்குறியே, மாதா பொறுப்பாளா? அந்தா மருந்துக்காரய்யாவே வாறாரு, அவரையே கேளுங்க."

படங்களைத் திரும்ப வாங்கிப் போகத்தான் மருந்துக்காரர் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். இத்தனை சனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஜோசப்பின் பிள்ளையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சொல்லுங்கய்யா. எனக்கு நோவு இருக்கா?"

இராசரத்தினம் றோசலினைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். லயத்துச் சனத்தைப் பார்த்தார்.

"நான் பாத்தமட்டில உன்ர படம் சுத்தம்" என்றார்.

போதும். அதற்குமேல் அந்த லயத்தில் பெரிய டாக்டர் பேச்சு எடுபடவில்லை. அட்டன் தூரம், மருந்துக்காரர் வாசலில். றோசலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெண்கள் சத்தம் போட்டு அடக்கிவிட்டார்கள். ஜோசப்பின் பிள்ளையோடு காம்பராவுக்குள் போய்க் கதவை அடைத்து உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. மருந்துக்காரர் படங்களைக் கேட்காமலே போய்விட்டார்.

றோசலின் கதவில் தட்டினாள். பதில் இல்லை. பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

அடுப்பு வெளிச்சத்தில் ஜோசப்பின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே, காலையில் சுட்டு வைத்திருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டாள். கடினமான தோட்டத்து ரொட்டி, பிள்ளைக்கு மெல்ல வராது. மெத்தென்று ஆகும்வரை நன்றாக மென்று, விரலால் எடுத்து, சிசிலியின் வாயில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, இன்னும் என்று வாயைத் திறந்தது. அவ்வளவு ஆசையோடு அவள் அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

றோசலின் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "மதினி, வேணாம்! ஊட்டாதீங்க! ஐயோ, மென்னு குடுக்காதீங்க மதினி!"

உள்ளே அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கும் சத்தம் கேட்டது. இடுக்கு இருட்டாகிவிட்டது.

விறகுக் குவியலில் சொருகியிருந்த கோடாலியை அவள் உருவி எடுத்தாள். மத்தியாஸ் ஓடிவந்து கதவுக்கும் அவளுக்கும் நடுவே நின்றான்.

"வெலகுங்க."

"காலையில பேசிக்கலாம் புள்ள. அவ எங்க அக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு இருக்காங்க. ரெண்டு பேரும் பொழைக்கணும். வெலகுங்க."

மத்தியாஸ் விலகவில்லை.

(தொடரும்)